பாயை மடிச்ச கதையை அப்படியே நம்பணுமா?

போர்ச்சுகீஸ்ல 'ஷெகார்'னா வந்து சேர்றது. இந்த வினைச்சொல்லுக்கு ஒரு கதை வீடியோ வீடியோவா சுத்துது. லத்தீன்ல 'ப்ளிகாரே'ன்னா மடிக்கிறது, கப்பல் கரைக்கு வந்ததும் மாலுமிங்க பாயை மடிப்பாங்க, அதனால 'மடி' போய் 'வந்து சேரு'ன்னு ஆயிடுச்சாம். அதே சொல் ருமேனிய மொழில 'ப்ளெகா', ஆனா அர்த்தம் கிளம்புறது, ஏன்னா ரோமானிய சிப்பாய்ங்க கூடாரத்தை மடிச்சிட்டுத்தான் கிளம்புவாங்களாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை முடிஞ்சு போன உண்மை மாதிரி சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

ஏன்னா லத்தீன்ல அதே வேர்ல 'அப்ளிகாரே'ன்னு ஒரு வினை இருக்கு. ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்து வைக்கிறதுன்னு அர்த்தம், கப்பலைக் கரையோட சேர்க்கிறதுக்கு ரோமானிய எழுத்தாளர்களே இதை எழுதியிருக்காங்க. கப்பலைக் கரை சேர்க்கிறதுல இருந்து எங்க வேணா வந்து சேர்றதுக்கு ஒரு எட்டுதான். பொண்ணைக் கரை சேர்த்தாச்சுன்னு நாம சொல்லும்போது அங்க கப்பலா இருக்கு? பாயும் வேணாம் கூடாரமும் வேணாம், எனக்கு இதுதான் நம்புற மாதிரி இருக்கு.

உண்மையில ரசிக்க வேண்டியது ஒலிதான், அதை யாருமே சொல்றதில்ல, அதான் எனக்கு ஆதங்கம். லத்தீன்ல ப்ள, க்ள, ஃப்ளன்னு தொடங்கின சொற்கள் ஏகப்பட்டது போர்ச்சுகீஸ்ல ஒரே ஒலிக்கு வந்துடுச்சு. ப்ளோராரே 'ஷொரார்' ஆச்சு, அழுறது. க்ளாமாரே 'ஷமார்', கூப்பிடுறது. ஃப்ளாம்மா 'ஷாமா', தீ ஜுவாலை. பக்கத்துல ஸ்பானிஷ்ல இதே சொற்கள் யொரார், யமார், யாமான்னு வரிசையா யகரத்துக்குப் போச்சு, அங்க நம்ம ஷெகார் 'யெகார்'. இப்படி வரிசையா மாறுறதுதான் ஆதாரம், காதுக்கு ஒரே மாதிரி கேக்குதுங்கிறது ஆதாரமே இல்ல. நன்றிங்கிறதுக்கு ஜப்பானியர் சொல்ற 'அரிகாதோ', அதே அர்த்தமுள்ள போர்ச்சுகீஸ் 'ஒப்ரிகாது'ல இருந்து வந்துச்சுன்னு இன்னும் எழுதுறாங்க, ஆனா போர்ச்சுகீசியர் ஜப்பான்ல கால் வச்சது 1543ல, அரிகாதோவோட மூலச்சொல் அதுக்குப் பல நூற்றாண்டு முந்தியே ஜப்பானிய எழுத்துல இருக்கு.

இந்த வரிசைல வந்த ஒரு சொல் நம்ம வீட்டுலயே இருக்கு. லத்தீன் க்ளாவிஸ்தான் போர்ச்சுகீஸ் வழியா வந்த சாவி! அவங்க நம்ம கரைக்கு வந்த காலத்துல அந்த ஒலி 'ச்ச'தான், 'ஷ' ஆனது பிறகு, வட போர்ச்சுகல் கிராமங்கள்ல பழைய 'ச்ச' இன்னும் கேக்குது.

விதிக்கு அடங்காததும் உண்டு. ப்ளாசேரே, அதாவது பிடிச்சுப்போறது, 'ப்ரஸேர்'னு ரகரத்துக்குப் போச்சு. அப்ளிகாரேவே 'அப்ளிகார்'னு புத்தகம் வழியா திரும்ப உள்ள வந்துச்சு, அதுக்குள்ள அந்த ஒலிமாற்றம் ஓய்ஞ்சு போயிட்டதால ப்ள அப்படியே நிக்குது, அதனால இன்னிக்கு போர்ச்சுகீஸ்ல அப்ளிகாரும் ஷெகாரும் ஒரே வேர்னு பாத்ததும் யாருக்கும் தோணாது.