மெயில் திரும்பி வந்தா அது என் தப்பா?!

"என்ன பாஸ், என்னை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டீங்களாமே"ன்னு போன் போட்டு சண்டைக்கு வர்ற அத்தனை பேருக்கும் சேர்த்தே சொல்றேன், நான் யாரையும் தூக்கல. உங்க மெயில் ஐடி செத்துப்போச்சு. அது உங்களுக்கே தெரியாது, எனக்குத் தெரியும், ஏன்னா அதோட கருமாதி முழுக்க என் இன்பாக்ஸ்லதான் நடக்குது.

பழைய காலேஜ் ஆளுங்க பேசிக்கிற மெயிலிங் லிஸ்ட்டுக்கு, அதாவது ஒரு ஐடிக்கு எழுதுனா எல்லாருக்கும் போற ஏற்பாட்டுக்கு, நான் அட்மினாம். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஒருத்தர் பொங்கல் வாழ்த்து போடுவார், ஆளாளுக்கு "சேம் டு யூ"ன்னு ரிப்ளை ஆல் அடிப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் மெயிலர் டீமன், அதான் "மெயில் போய்ச் சேரல"ன்னு சர்வர் அனுப்புற பதில், வரிசையா வந்து நிக்கும்.

சாஃப்ட்வேர் பாத்துக்காதான்னு கேப்பீங்க. லிஸ்ட்டை நடத்துற மெயில்மேன்ங்கற சாஃப்ட்வேர் பாத்துக்கும், ஓரளவு. மெயில் திரும்புற நாளுக்கு 1 மார்க், அன்னிக்கு எத்தனை திரும்புனாலும் அதே 1தான், 5 மார்க் சேர்ந்தா அவருக்கு அனுப்புறத நிறுத்திடும், நடுவுல 7 நாள் எதுவும் திரும்பலேன்னா பழைய கணக்கு அழிஞ்சிடும், இதுதான் டீஃபால்ட். நல்ல ஏற்பாடு. அதுக்கப்புறம் நடக்குது பாருங்க கூத்து. "ஐயா, உங்களுக்கு மெயில் போய்ச் சேரல"ன்னு வாரத்துக்கு ஒண்ணா 3 எச்சரிக்கை அனுப்பும். எங்க? அதே செத்த ஐடிக்கு! அதுகிட்ட வேற என்ன விலாசம் இருக்கு பாவம். அந்த எச்சரிக்கையும் திரும்பும், அப்புறம் பேரையே எடுத்துடும், சார் ஆறு மாசம் கழிச்சு முழிச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டு கத்துவார்.

சரி, திரும்புறதாவது ஒழுங்கா திரும்புதா? இப்படித்தான் இருக்கணும்னு 1996லயே ஸ்டாண்டர்ட் போட்டாச்சு, 2003ல ஆர்எஃப்சி 3464ங்கற இன்டர்நெட் விதியா திருத்தியும் எழுதியாச்சு. 5.1.1னா அப்படி ஒரு ஐடியே இல்ல, 5.2.2னா பெட்டி நிரம்பிடுச்சு, நம்பரைப் போட்டா மெஷினுக்குப் புரியும். ஆனா சில ஆபீஸ் சர்வருங்க இருக்கே, மேல கம்பெனி லோகோ, கீழ ஒரு முழம் சட்ட எச்சரிக்கை, நடுவுல "உங்கள் செய்தியை வழங்க இயலவில்லை, வருந்துகிறோம்". யாருக்குடா வழங்க இயலல? அதைச் சொல்ல மாட்டான். மெயில்மேனுக்குப் புரியாததெல்லாம் அட்மின் தலையிலதான் வந்து விழும்.

இதையும் தாண்டி ஃபார்வர்டு போட்டு வெச்சிருக்கற மகானுங்க. "இந்த ஐடி இல்லை"ன்னு ஒண்ணு திரும்பி வருது, அந்த ஐடியை லிஸ்ட்ல தேடுனா அங்கயும் இல்ல. சேர்ந்தப்ப கொடுத்தது காலேஜ் ஐடி, அதுல இருந்து ஆபீஸ் ஐடிக்கு ஃபார்வர்டு, அந்த வேலையை விட்டே வருஷமாச்சு, ஃபார்வர்டை மட்டும் எடுக்கல. ராத்திரி உக்காந்து, மெயிலோட தலைப்பகுதியான ஹெடர்ல, எந்த சர்வர் வழியா வந்துச்சுன்னு சொல்ற ரிசீவ்டு லைன் ஒவ்வொண்ணா கீழ இருந்து மேல படிச்சுக் கண்டுபிடிக்கணும். இதுக்கு வெர்ப்னு ஒரு வழி 1997லயே, கியூமெயில்ங்கற மெயில் சர்வர் சாஃப்ட்வேர் எழுதுன பெர்ன்ஸ்டைன் எழுதி வெச்சாரு, திரும்பி வர்ற விலாசத்துக்குள்ளயே உறுப்பினரோட ஐடியைச் சொருகிடறது, எங்க சுத்திட்டு வந்தாலும் ஆளு மாட்டிப்பான். அருமையான ஐடியா. ஆனா ஆளுக்குத் தனித்தனியா அனுப்பணும், உடனே ஹோஸ்டிங்காரன் "மணிக்கு இத்தனை மெயில்தான்"னு நிறுத்தி வெச்சிடறான்.

எல்லாத்தையும் விட வயிறு எரியற விஷயம் டிமார்க், அதாவது மெயில்ல அனுப்புனவர்னு போட்டிருக்கற பேரு நிஜமான்னு சர்வருங்க சோதிக்கற முறை. 2014 ஏப்ரல்ல யாஹூ, எங்க பேர்ல வேற சர்வர்ல இருந்து வர்ற மெயிலை ரிஜெக்ட் பண்ணுங்கன்னு பாலிசியை மாத்துனாங்க. மோசடியைத் தடுக்கத்தான், வாஸ்தவம். ஆனா மெயிலிங் லிஸ்ட்டோட வேலையே ஒருத்தர் பேர்ல வர்றதை தன் சர்வர்ல இருந்து அனுப்புறதுதானே! யாஹூ ஆள் ஒருத்தர் எழுதுனா மத்த கம்பெனி சர்வருங்க அதைத் திருப்பி அனுப்பும், மார்க் விழறது எழுதுனவருக்கு இல்ல, வாங்க வேண்டியவங்களுக்கு, தப்பே பண்ணாத ஜனங்க கூண்டோட சஸ்பெண்ட். உலகம் பூரா லிஸ்ட்டுங்க நாறிப்போச்சு. இப்ப ஃப்ரம்ல லிஸ்ட் விலாசத்தைப் போட்டு, எழுதுனவர் பேரோட "வயா" லிஸ்ட்டுன்னு சேத்து சமாளிக்கறோம், அதுக்கும் ஒரு அண்ணன் "எல்லா மெயிலும் ஒரே ஐடில இருந்து வருது, பாக்கவே கண்றாவியா இருக்கு"ன்னு கம்ப்ளெயின்ட்.

பெட்டி நிரம்புன கேஸ் தனி. கூகுள் ஃப்ரீயா தர்ற 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்ல சாமி, டிரைவுக்கும் போட்டோவுக்கும் சேர்த்து. பேரன் வீடியோவும் குட் மார்னிங் ரோஜாப்பூவும் பேக்கப் ஆகி நிரம்பி வழியும். "அங்கிள், கொஞ்சம் டெலீட் பண்ணுங்க"ன்னா "எப்படிப்பா மனசு வரும்"ங்கறாரு. எனக்கு மனசு வரும் அங்கிள், போனை இப்படிக் கொடுங்க.

இனிமே யாரையும் தேடிப் பிடிச்சு வாட்ஸ்அப்ல கெஞ்சறதா இல்ல. 5 மார்க் வந்துச்சா, போய்க்கிட்டே இருங்க. திரும்பச் சேரணுமா, ஒவ்வொரு மெயிலோட அடியிலயும் லிங்க் இருக்கு, இத்தனை வருஷமா அங்கயேதான் இருக்கு, நீங்களே கிளிக் பண்ணி நீங்களே சேருங்க. என் நம்பரை டெலீட் பண்ணிடுங்க, அதுலயாவது கொஞ்சம் இடம் மிச்சமாகும்.