நைந்துபோன பருத்தித் துணியை உரத்தொட்டியில் போடுங்கள்

வீட்டில் உரம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: நாற்றம் தாங்கவில்லை. சமையலறைக் கழிவை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் நாறத்தான் செய்யும். அதில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு, நைட்ரஜன் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தால்தான் ஒழுங்காக மட்கும். அதற்குத்தான் கரிமம் அதிகமுள்ள காய்ந்த இலை, மரத்தூள், அட்டை எல்லாம் சேர்க்கச் சொல்கிறார்கள்.

சரி, காய்ந்த இலைக்கு எங்கே போவது? உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான், அதாவது செடியின் நாரில் இருக்கும் கரிமப் பொருள். நுண்ணுயிர்களுக்கு அதுவும் காய்ந்த இலை மாதிரி தீனிதான். லினனும் சணலும் அப்படியே. கம்பளியும் பட்டும் புரதம் என்பதால் நைட்ரஜன் கணக்கில் சேரும். உடுத்த முடிகிற துணியைப் போடச் சொல்லவில்லை. யாராவது உடுத்தி, பிறகு துடைக்கும் துணியாகி, கையால் இழுத்தாலே கிழிகிற நிலைக்கு வந்ததைச் சொல்கிறேன். அதைக் குப்பைமேட்டுக்கு அனுப்பினால் காற்றில்லாமல் புதைந்து அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை வெளியே விடும்.

ஆனால் முழுசாகப் போடாதீர்கள். பெரிய துணி ஈரத்தில் படிந்து காற்றை அடைத்துவிடும். இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, நனைத்துப் பிழிந்து, கழிவோடு கலந்து போடுங்கள். பெயிண்ட், எஞ்சின் எண்ணெய் துடைத்த துணி கூடவே கூடாது.

துணி பருத்திதானா என்று சந்தேகமா? ஓரத்தில் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாகும். கலப்புத் துணியாக இருந்தால் சாம்பலுக்குள் நெருடும். அது உரத்துக்கு வேண்டாம். பருத்தி மட்கிப் போன பிறகும் பிளாஸ்டிக் இழை மண்ணிலேயே கிடக்கும்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது தையல் நூலைப் பார்க்கும்போதுதான். லேபிளில் நூறு சதவீதம் பருத்தி என்று இருக்கும், தைத்திருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலில். நான் தையலைப் பிரித்துக்கொண்டிருப்பதில்லை. அதன் இருபுறமும் கத்தரியை ஓட்டி, பட்டையாக வெட்டி எடுத்துவிடுவேன். இலாஸ்டிக், ஜிப், பொத்தான், ரப்பர் போல ஒட்டியிருக்கும் படம் எல்லாம் அதோடு போய்விடும்.

இந்த வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. பருத்திச் சட்டை என்று விற்பவர்கள் பருத்தி நூலிலேயே தைக்கட்டும். முடியாதென்றால் தைத்த நூல் எது என்பதையாவது லேபிளில் அச்சிடட்டும்.