சுருக்கச் சொன்னால் எதை வெட்டுவது?

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கலக்குவது எப்படி என்று ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். படித்தவர் சொன்ன முதல் வார்த்தை, "ரொம்ப நீளம், யார் படிப்பாங்க?" சரி என்று சுருக்கினேன். "ஒரு பாக்கெட்டைத் தண்ணீரில் கலந்து கொடுக்கவும்." உடனே இன்னொருவர், "எவ்வளவு தண்ணீர்னு தெளிவாவே இல்லையே" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, கடையில் இரண்டுமே கிடைக்கிறது. பெரியதை அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம், அப்படியிருக்க அளவை எப்படி விடுவது? கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையும் விட முடியாது. 1 லிட்டர் என்று மட்டும் போட்டால் வீட்டில் எதை வைத்து அளப்பார்கள்? "கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளக்கவும்" என்று எழுதினால்தான் கை சரியான பாத்திரத்துக்குப் போகும். அந்த வரியைத்தான் முதலில் படித்தவர் "வளவள" என்று சிவப்பு மையில் அடித்திருந்தார்!

குறை சொல்லக் கூடாது என்றில்லை. உடம்பில் நீர் குறைவது பற்றி நான் முதலில் வைத்திருந்த நீளமான பத்தி தேவையே இல்லை, சொன்னதும் எடுத்துவிட்டேன். ஆனால் "சுருக்கு", "தெளிவில்லை" என்று ஒற்றைச் சொல்லோடு தாளைத் திருப்பித் தந்தால் நான் எதைத் திருத்துவது? எந்த வரியில் தடுக்கியது என்று காட்டுங்கள், இரவெல்லாம் உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.

பாட்டில் வரியைத் திரும்பச் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.