பையைப் பார்த்துப் பதறியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். வீடியோவும் குமரி மாவட்டம் முழுக்கச் சுற்றி முடித்துவிட்டது. தெரியாதவர்களுக்கு ஒரே வரி: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றில் கழிவுப் பை ஒட்டியிருக்கும் ஒருவரை, ஓட்டம் நடத்தியவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் "மனிதாபிமான அடிப்படையில்தான் நிறுத்தினோம்" என்று நேற்று ராத்திரி வந்த விளக்கத்தைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

மனிதாபிமானம்! நாலு கிலோமீட்டர் சீராக ஓடிவந்த மனுஷனைக் கையைப் பிடித்து ஓரங்கட்டி, ஆம்புலன்ஸில் உட்காரவைத்து, அதை வீடியோவும் எடுத்திருக்கிறது அந்த மனிதாபிமானம். "அண்ணாச்சி, உங்களுக்கு ஓட முடியுதா?" என்று ஒரு வார்த்தை கேட்க மட்டும் அதற்கு நேரமில்லை.

ஸ்டோமா, அதாவது கழிவு வெளியேற வயிற்றில் வைக்கும் குடல் வாய், வைத்தவர் ஓடலாமா, கூடாதா என்பது அவரும் ஆபரேஷன் செய்த டாக்டரும் பேசி முடிவெடுக்கும் விஷயம். பனியனுக்குள் ஒரு புடைப்பைப் பார்த்துவிட்டு வழியில் நிற்கிறவர் எடுக்கும் முடிவு இல்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் ரெண்டு மூணு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஓடினா பை ஒழுகிடும்லா?" என்று கேட்டிருக்கிறார்கள். பை ஒழுகுவதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றைத் தேடினால் கிடைக்கும். முதல் காரணம் துளையின் அளவு. பிளேட்டில், அதாவது பையைத் தாங்கித் தோலில் ஒட்டும் வில்லையில், வெட்டும் துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும். புண்ணில் நீர் கசியும், கசிகிற தோலில் எந்தக் கம்பெனி பிளேட்டும் நிற்காது. ரொம்ப இறுக்கமாக வெட்டினால் அசையும்போது விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். அங்கே வலி தெரியாது, ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 6 முதல் 8 வாரத்தில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொடுத்த அளவையே மூணு மாசம் கழித்தும் வெட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் "ஒழுகுது, ஒழுகுது" என்று வருவார்கள். வீக்கம் வடியும் வரை வாரம் ஒருமுறை அளவு அட்டையை வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த காரணம் நம்ம ஊர்க்காரர்களுக்கே உரியது. தேங்காய் எண்ணெய். தக்கலைப் பக்கம் ஒரு டீச்சர், பிளேட் ஒருநாள்கூட நிற்கவில்லை என்று மூணு கம்பெனி மாற்றிவிட்டார். கடைசியில் பார்த்தால், தோல் வறண்டுவிடக் கூடாதென்று தினமும் குளித்ததும் வயிற்றில் எண்ணெய் தடவியிருக்கிறார். எண்ணெய், பவுடர், க்ரீம் கலந்த சோப்பு மூன்றும் பிளேட்டுக்குப் பகை. வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, முழுக்க உலரவிட்டு, பிளேட்டை உள்ளங்கையில் ஒரு நிமிஷம் சூடாக்கி ஒட்டி, மேலே கையை வைத்து ரெண்டு நிமிஷம் அழுத்தினால் போதும். முடி இருந்தால் முன்னாடியே நறுக்கிவிட வேண்டும்.

அப்புறம் வியர்வை. பிளேட்டின் பசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. கழிவின் ஈரம் ஒரு பக்கம், நம்ம கடற்கரைப் புழுக்கத்தில் ஊற்றும் வியர்வை இன்னொரு பக்கம். நாலு நாள் நிற்கிற பிளேட் சித்திரை வெயிலில் ரெண்டு நாளில் ஓரம் வெளுத்து ஊறிவிடும். அதனால் ஓட்டத்தன்று காலையில் அவசரமாக மாற்றக் கூடாது. முந்தின நாள், வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்து மாற்றினால் பசை பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். மாற்றுப் பிளேட்டை பைக் சீட்டுக்கு அடியில் வைக்கிற வேலையும் வேண்டாம், வெயிலில் பசை இளகிவிடும்.

ஓடும்போது பை துள்ளாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட்டால் கனம் இழுக்காது. பிளேட்டும் பையும் தனித்தனியாக வரும் வகையில் பையைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டலாம், தொடையில் அடிக்காது. மேலே இடுப்புப் பட்டை. கால்சட்டையின் எலாஸ்டிக் ஸ்டோமாவின் குறுக்கே வரக் கூடாது. வந்தால் கழிவு கீழே இறங்க வழியில்லாமல் பிளேட்டுக்கு அடியில் புகும். பைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பருத்தித் துணி. இவ்வளவுதான் சூட்சுமம். ஞாயிற்றுக்கிழமை அவர் பை ஒழுகவே இல்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை, சும்மா சொன்னேன்.

"மலத்தைச் சுமந்துகொண்டு ஓடுகிறார், மற்றவர்களுக்குத் தொற்று வராதா?" என்று ஒருவர். ஐயா, நீங்களும் அதைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறீர்கள். உங்களுடையது உள்ளே இருக்கிறது, அவருடையது மூடிய பையில் இருக்கிறது. வழிநெடுகத் துப்பிக்கொண்டே ஓடியவர்களை எந்த ஆம்புலன்ஸும் ஏற்றவில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

"அவர் உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆபத்து உண்டு. முதலாவது குடலிறக்கம். ஸ்டோமாவுக்காக வயிற்றுத் தசையில் போட்ட வழி ஒரு பலவீனமான இடம். அவசரப்பட்டுக் கனம் தூக்கினாலோ வயிற்றை முக்கினாலோ அந்த வழியாகக் குடல் பிதுங்கும். அதனால்தான் முதல் 6 முதல் 8 வாரம் நடை மட்டும். பெரும்பாலும் மூணு மாசம் போல ஆனபிறகு, டாக்டர் பார்த்துச் சரி என்றால், மெல்ல ஓட்டம்.

இரண்டாவது நீர்வற்றல். எல்லா ஸ்டோமாவும் ஒன்று இல்லை என்பதே பலருக்குத் தெரியாது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்த கொலஸ்டமி என்றால் மலம் கெட்டியாக வரும், தண்ணீர் விஷயத்தில் மற்றவர்களைப் போலத்தான். டாக்டர் சம்மதித்தால் அவர்கள் வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிக் குடலைக் கழுவிவிடலாம். ஒரு மணி நேர வேலை, அதற்கப்புறம் பலருக்கு ஒரு நாள் முழுக்கப் பையில் எதுவும் வராது. சிறுகுடலில் வைத்த இலியோஸ்டமி அப்படி இல்லை. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சும் பெருங்குடல் ஆட்டத்திலேயே இல்லை. நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லி வரை நீராகவே வெளியேறும், உப்பும் கூடவே போகும்.

இங்கேதான் நம்மவர்கள் பாசத்தோடு இளநீரை நீட்டுவார்கள். இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், இலியோஸ்டமிக்காரர் இழப்பது சோடியம். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாலும் பைதான் சீக்கிரம் நிறையும். ஓ.ஆர்.எஸ். வேண்டும், அல்லது உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி. ரொம்ப அதிகமாகப் போகிறவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் கலவை ஒன்று உண்டு: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சோடா உப்பு (சமையல் சோடா) 2.5 கிராம். சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் கேட்காமல் குடிக்கக் கூடாது. சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளானால், கெண்டைக்கால் பிடித்து இழுத்தால், தலை சுற்றினால், ஓட்டத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

சாப்பாடு. முந்தின ராத்திரி சோறு, மட்டிப்பழம் என்றால் போக்கு கொஞ்சம் கெட்டிப்படும். தேங்காய்ச் சில்லு, பலாச்சுளை, காளான் இதெல்லாம் மெல்லாமல் விழுங்கினால் இலியோஸ்டமியில் அடைத்துக்கொள்ளும். அரைத்துவிட்ட குழம்புக்குப் பயப்பட வேண்டாம். தேங்காய் இல்லாமல் குமரி மாவட்டத்தில் என்ன சாப்பிடுவது, சொல்லுங்கள். நாலைந்து மணி நேரம் பையில் எதுவுமே வராமல் வயிறு முறுக்கி, குமட்டினால் ஆஸ்பத்திரி. ஸ்டோமா கறுத்தாலும் அப்படித்தான். இவ்வளவும் தெரிந்துதான் அவர் ஓட வந்தார். நிறுத்தியவர்களுக்கு இதில் எத்தனை தெரியும்?

1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சென் என்ற நர்ஸ் ஒட்டுகிற பையை யோசித்ததற்குக் காரணமே, ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய சகோதரி வெளியே தலைகாட்டப் பயந்ததுதான். ஒருத்தி வாசலைத் தாண்டிப் போகட்டும் என்று பிறந்த பை. 1979இல் குடல் நோய்க்கு ஆபரேஷன் ஆன ரோல்ஃப் பெனிர்ஷ்கே என்ற 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டக்காரர் அடுத்த வருஷமே பையோடு களத்துக்குத் திரும்பினார். முட்டி மோதுகிற இடத்தில் இல்லை, பந்தை உதைக்கிறவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவரைக் கையைப் பிடித்து யாரும் ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை.

"பை விலை தெரியுமா, எல்லோராலும் முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: தெரியும், முடியாது, அது தனிச் சண்டை, வாருங்கள் சேர்ந்து போடுவோம்.

உண்மையிலேயே அக்கறை இருந்திருந்தால் வழியில் ஒரு கழிப்பறை வைத்திருப்பீர்கள். அத்தனை கிலோமீட்டரில் தண்ணீர் மேஜை இருந்தது, செல்ஃபி எடுக்க வளைவு இருந்தது, மேளம் இருந்தது, கதவுள்ள ஒரு கழிப்பறை இல்லை. பையைக் காலி செய்ய ஐந்து நிமிஷமும், ஒரு வாளித் தண்ணீரும், தாழ்ப்பாளும் போதும். இது பை வைத்தவர்களுக்கு மட்டுமா? ஓட வந்த பொம்பளைப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டீர்களா? சக்கரை வியாதிக்காரர்கள்? பஸ் ஸ்டாண்டிலும் அதே கதைதான். பை வைத்தவர்கள் வீட்டிலேயே கிடப்பதற்கு ஓட முடியாதது காரணமில்லை, வெளியே போனால் ஒதுங்க இடமில்லாததுதான் காரணம். அதற்கு எந்த அடிப்படையில் விளக்கம் தருவீர்கள்?

அவரிடம் பேசினேன். கோபமில்லையாம். வீடியோவை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டார்கள் என்றார். பகிர்ந்தவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

கமெண்டில் இளநீரை யாரும் சிபாரிசு செய்ய வேண்டாம்.