பெயிண்ட் அடித்த பள்ளம்

(குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தம்பி குமரன். வெளியே அக்கா வாசுகி.)

வாசுகி: அரை மணி நேரமாக உள்ளே என்னடா செய்கிறாய்?

குமரன்: முகம் தேய்க்கிறேன் அக்கா. நாளைக்குக் காலையில் போட்டோ எடுக்கிறார்கள். அதற்குள் வழவழவென்று ஆகிவிட வேண்டும்.

வாசுகி: எதை வைத்துத் தேய்க்கிறாய்?

குமரன்: ஸ்கிரப். வால்நட் ஓட்டை நுணுக்கிப் போட்டிருக்கிறார்களாம். நேற்று இரண்டு தடவை, இன்றைக்கு மூன்று.

வாசுகி: மூக்கு இருக்கிறதா?

குமரன்: இருக்கிறது. கொஞ்சம் எரிகிறது.

வாசுகி: முதலில் வெளியே வா. (பார்த்துவிட்டு) அடப்பாவி! பருவின் மேல் ஓட்டுத்தூளைப் போட்டுத் தேய்த்தால் பரு போகாதுடா, தோல்தான் போகும்.

குமரன்: அதனால் என்ன, ராத்திரிக்கு ஆசிட் வாங்கி வைத்திருக்கிறேன். கிளைகாலிக், சாலிசிலிக், கூடவே ரெட்டினால். மூன்றையும் சேர்த்துப் பூசிக்கொண்டு படுத்துவிட்டால்...

வாசுகி: காலையில் போட்டோவுக்கு நீ போவாய், முகம் வராது.

குமரன்: பிறகு எதற்கு விற்கிறார்கள்?

வாசுகி: ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோலின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த செல்களின் பிடியைக் கிளைகாலிக் தளர்த்தும், சொரசொரப்பு குறையும். சாலிசிலிக் எண்ணெயோடு சேரும் ஜாதி. அதனால் தோல் துளைக்குள்ளேயே இறங்கி அடைப்பை எடுக்கும். உன் மூக்கு ஓரத்துக் கரும்புள்ளிக்கு அதுதான் சரி, 2 சதவீதமே போதும். ரெட்டினால் புதுச் செல்களைச் சீக்கிரம் மேலே தள்ளும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் உருவாகவும் உதவும். இந்த எரிச்சல் அடங்கட்டும். அப்புறம் மூன்றில் ஒன்றை எடு, வாரத்துக்கு இரண்டு ராத்திரி போடு.

குமரன்: ரெட்டினால் என்றால் எவ்வளவு? உள்ளங்கை நிறையவா?

வாசுகி: முகம் முழுவதுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது.

குமரன்: அந்தக் கவலை எனக்கு இல்லை. எப்போது பலன் தெரியும்?

வாசுகி: மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

குமரன்: போட்டோ நாளைக்கு என்றேனே, காதில் விழவில்லையா?

வாசுகி: எனக்கு விழுந்தது, உன் தோலுக்கு விழவில்லை. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர்வதற்குச் சின்ன வயதிலேயே ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற அதுவும் நிதானமாகிவிடும்.

குமரன்: எனக்கு 34 தானே?

வாசுகி: அதனால்தான் சின்ன வயதில் என்று அழுத்திச் சொன்னேன். இன்னொன்று, ஆசிட் போட ஆரம்பித்தால் பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். அது எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையக் கூடாது.

குமரன்: நான்தான் வெயிலில் போவதே இல்லையே.

வாசுகி: நாள் முழுக்க ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்குகிறாயே. வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும்.

குமரன்: சரி, ஆவி பிடித்தால்? துளையெல்லாம் திறந்துகொள்ளுமாம். பிறகு ஐஸ் வைத்தால் மூடிக்கொள்ளுமாம்.

வாசுகி: திறந்து மூட அதற்குத் தசையே கிடையாது. நீ என்ன வைத்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அடைப்பை எடுத்தால் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

குமரன்: அப்படியானால் கடைசி வழி. உன் ஃபவுண்டேஷனைக் கொடு. நம் இரண்டு பேருக்கும் நிறம் ஒன்றுதான்.

வாசுகி: அது ஒன்றில்தான் நமக்குள் ஒற்றுமை. ஆனால் கெட்டியாக அப்பலாம் என்று நினைக்காதே. பள்ளத்துக்குப் பெயிண்ட் அடித்தால் அது பெயிண்ட் அடித்த பள்ளம். மேக்கப் மறைப்பது நிறத்தை. பரு விட்டுப் போன கறுப்புத் தடம் கன்சீலரில் அடங்கிவிடும். கன்னத்தில் குழி விழுந்திருக்கிறதே, அது அடங்காது.

குமரன்: குழிக்கு ஒரு க்ரீம்கூட இல்லையா?

வாசுகி: ஆழமான குழியை எந்த க்ரீமும் நிரப்பாது. தோல் டாக்டரிடம் போனால் நுண்ணிய ஊசிகளால் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர் என்று ஏதாவது செய்வார். அதுவும் நாளைக்கே நடக்காது.

குமரன்: நாளைக்கு நடக்கிற காரியம் ஒன்றுகூடவா இல்லை?

வாசுகி: இருக்கிறது. மேக்கப்புக்கு முன்னால் பூசும் சிலிக்கோன் ப்ரைமர். டப்பாவில் டைமெதிகோன் என்று போட்டிருக்கும். துளைமேல் பரவி மெல்லிய படலமாக நிற்கும், மேடு பள்ளம் சட்டென்று கண்ணில் படாது. ஆனால் இன்றைக்கு ராத்திரி மாய்ஸ்சரைசரைத் தவிர எதையும் தொடாதே. நீ தேய்த்த தேய்ப்பில் தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது, அதன்மேல் பவுடர் போட்டால் ஒவ்வொரு செதிலும் எழுந்து நிற்கும்.

குமரன்: நாளைக்கு?

வாசுகி: மறுபடி மாய்ஸ்சரைசர். அது காய்ந்ததும் ப்ரைமர், அதன்மேல் ஃபவுண்டேஷனை ஈர ஸ்பாஞ்சால் மெல்லிசாகத் தட்டித் தட்டி... தேய்ப்பது மாதிரி ஏன்டா கையை ஆட்டுகிறாய்? தட்டு! மினுமினுப்பு சேர்த்தது எதுவும் வேண்டாம். அது மேட்டில் பட்டு மின்னி, இங்கே பாருங்கள் என்று ஊரைக் கூப்பிடும். (கண்ணாடி அருகே எதையோ பார்க்கிறாள்) இங்கே எதற்குப் போன் டார்ச் எரிகிறது?

குமரன்: அதைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, இந்தப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியில் பார்ப்பேன். ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்.

வாசுகி: தெரியாமல்? பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு நிழல் விழும். நேர் எதிரே வெளிச்சம் வைத்து எடுக்கச் சொல், பாதி சொரசொரப்பு அங்கேயே காணாமல் போய்விடும். அது சரி, எதற்கு இந்தப் போட்டோ? பத்திரிகையில் வரப்போகிறதா?

குமரன்: ஆபீஸ் ஐடி கார்டுக்கு.

வாசுகி: (சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு) அதில் முகம் எவ்வளவு பெரிதாக வரும்?

குமரன்: கட்டைவிரல் நகம் அளவு.

வாசுகி: இதற்கா ஐந்து தடவை வால்நட்?

குமரன்: யாராவது உற்றுப் பார்த்துவிட்டால்?

வாசுகி: வாட்ச்மேன் ஒருவர்தான் பார்ப்பார். அவரும் கார்டு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். யாரும் உன் கன்னத்தில் மூக்கை வைத்துக்கொண்டு பேசப் போவதில்லை. இரண்டடி தள்ளி நின்றால் எல்லார் தோலும் நல்ல தோல்தான்.

குமரன்: நீ சொல்வதும் நியாயம்தான். எல்லாம் தெரிந்து ஒழுங்காகச் செய்கிற உனக்கே தாடைக்குக் கீழே நான்கைந்து பொடிப்பொடியாக எழும்பியிருக்கிறதே, அதை யார் கவனிக்கிறார்கள்?

வாசுகி: எங்கே?

குமரன்: இடது பக்கம். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது அக்கா, விடு.

வாசுகி: நீ அந்தக் கண்ணாடியை இப்படிக் கொடு. டார்ச் எங்கே? நேரே பிடிக்காதே, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்திலிருந்து பிடிடா!