கோவில் பெரிதாகிவிட்டது, ஊர் எங்கே நிற்பது?

புதுக்கோவிலைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ஆண்டவர் வீட்டிலேயே குறை கண்டுபிடிக்கிறீர்களா அக்கா?" ஆண்டவர் வீட்டில் நான் ஏன் குறை காணப்போகிறேன்? அந்த வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

முத்துக்குளித்துறையில் கடலை ஒட்டிய சிறிய கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த ஊர், எங்களுடையது. பழைய கோவில் இனித் தாங்காது என்பது ஊருக்கே தெரியும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. திருவிழா நவநாட்களில் பாதி ஊர் வெளியே பந்தலில் நின்றுதான் பூசை காணும். புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. எனவே பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று யாரும் என்னை ஓரங்கட்ட வேண்டாம்.

கட்டுகிற காலத்தில் இது எல்லோருடைய கோவிலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் வரி போட்டார்கள். மீன் ஏலத்தில் விற்ற பணத்தில் கோவிலுக்கென்று பிடித்தார்கள். உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வாரக்கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கூலிக்குப் படகேறுகிறவன் வீட்டில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவதே கடனில்தான். தடைக்காலம் படகுக்கு உண்டு, வரிக்குக் கிடையாது. காதுத் தோட்டை அடகு வைத்து வரி கட்டிய வீடுகள் எங்கள் அன்பியத்திலேயே, அதாவது பங்குக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த எங்கள் குழுவிலேயே, இருக்கின்றன. யாரும் முகம் சுளிக்கவில்லை. கான்கிரீட் போட்ட இரவுகளில் பெண்கள் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தோம், செங்கல் சுமந்தோம், சிமெண்டு மூட்டைக்குக் காவலிருந்தோம். அப்போதெல்லாம் "இது நம் கோவில், நம் கோவில்" என்று ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அர்ச்சிப்பு நாளில் ஆயர் வந்து, பீடத்திலும் சுவர்களில் பன்னிரண்டு இடங்களிலும் கிறிஸ்மா தைலம் பூசினார். அந்தப் பன்னிரண்டு சிலுவைக் குறிகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். மீதிச் சுவரெல்லாம் கறுப்புக் கிரானைட்டில் பொன்னிற எழுத்துகள். சன்னலுக்கு ஒரு குடும்பம், தூணுக்கு ஒரு குடும்பம், சுரூபக் கூண்டுக்கு ஒரு குடும்பம். நன்மை, அதாவது பூசையில் நற்கருணை அப்பம், வாங்கப் போகிற வழியிலும் ஒரு கல், அதிலும் ஒரு பெயர். கொடுத்த தொகை எவ்வளவோ அவ்வளவு பெரிய எழுத்து. அடகுத் தோடு எந்தக் கல்லிலும் ஏறவில்லை. "ஊர் மக்கள்" என்று ஒற்றை வரி பொறிக்கக்கூட அந்தச் சுவரில் இடம் கிடைக்கவில்லை.

கல்லோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது முன்வரிசை இருக்கைகளுக்குச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பழைய கோவிலில் தரையில் உட்காருவோம். முந்தி வந்தவர் முன்னால், பிந்தி வந்தவர் பின்னால், அவ்வளவுதான் சட்டம். உயிர்ப்புத் திருவிழா இரவில், ஆயுள் முழுக்கக் கடலில் கிடந்து காது மந்தமாகிப்போன ஒரு பெரியவர், பிரசங்கம் கேட்க வேண்டும் என்று முன்னால் போய் உட்கார்ந்தார். சட்டைப்பையில் அட்டை குத்தியிருந்த ஒரு பையன் வந்து, "தாத்தா, பின்னால் போங்கள், இது உபயதாரர் குடும்பத்துக்கு ஒதுக்கியது" என்று எழுப்பிவிட்டான். அவர் சண்டை போடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டார். அந்தக் குடும்பமோ அன்று வரவே இல்லை! இருக்கை கடைசிவரை காலியாகக் கிடந்தது. உயிர்த்த ஆண்டவருக்காக ஒதுக்கியிருந்தாலாவது மனது ஆறியிருக்கும்.

யாக்கோபு திருமுகம் இரண்டாம் அதிகாரத்தை இந்தக் கட்டடக் குழுவினர் ஒருமுறையாவது வாசித்திருக்கிறார்களா? பொன்மோதிரம் போட்டவனை "இங்கே உட்காருங்கள்" என்றும், கந்தல் உடுத்திய ஏழையை "அங்கே நில்" என்றும் சொல்லாதீர்கள் என்று அப்போஸ்தலர் காலத்திலேயே எழுதி வைத்தாகிவிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1221ஆம் எண் சட்டம், வழிபாட்டு நேரத்தில் கோவிலுக்குள் நுழைவது எல்லோருக்கும் தடையின்றியும் கட்டணமின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. "உள்ளே விடாமல் யாரையும் தடுக்கவில்லையே" என்பார்கள். உள்ளே விட்டு, பின்னால் தள்ளுகிறீர்கள். சட்டத்துக்கு அது போதும், மனிதருக்குப் போதாது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதை புதிதும் அல்ல. வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலை 1872இல் கட்டியபோது, ஒரே பீடத்துக்கு இரண்டு மண்டபம் வைத்து, ஒரு சாதியை மற்றச் சாதி பார்க்காதபடி நடுவே சுவர் எழுப்பினார்கள். கால்சட்டைக் கோவில் என்று பேர் வாங்கிய கட்டடம் அது. அந்தத் தடுப்பை 1910இல் கௌசானல் அடிகளார் இடிக்க வைத்தார்; ஊரே கொந்தளித்து, நீதிமன்றம் வரை போனது. நம்முடைய கயிற்றுக்கு நீதிமன்றம் தேவையில்லை, ஒரு கத்தரிக்கோல் போதும். அதை எடுக்கத்தான் ஆளில்லை.

அடுத்து இந்தப் படிகள். கோவிலுக்கு அடியில் வாடகைக்கு விடுகிற மண்டபம் வேண்டுமென்று, கோவிலைத் தூக்கி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துவிட்டார்கள். புகைப்படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கிறது. முழங்கால் தேய்ந்த ஆச்சிமார் என்ன செய்வார்கள்? பின்பக்கம் சாய்தளம் உண்டு. அதன் கதவுக்குப் பூட்டும் உண்டு. சாவி, மண்டபத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் இருக்கிறது, ஏனென்றால் சமையல் சாமான் ஏற்றுகிற வண்டி அந்த வழியாகத்தான் வருகிறதாம். பிரியாணி அண்டா போகிற பாதையில் சக்கர நாற்காலி போகக் கூடாது! பங்குப்பேரவையில் இதைக் கேட்டேன். "முடியாதவர்களுக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டு போகிறோமே" என்றார்கள். அந்த ஆச்சிமார் நோயாளிகள் அல்லர், ஐயா. சந்தைக்குப் போகிறார்கள், மருமகளோடு சண்டை போடுகிறார்கள், கருவாடு காயப்போடுகிறார்கள். படிதான் ஏற முடியவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதன் விளக்கத்துக்குள் சமயக் காரியங்களுக்கான கட்டடங்களையும் சேர்த்தே சொல்கிறது. சட்டம் வேண்டாம், பக்கத்து வீட்டுக் கிழவியின் முழங்கால் போதாதா?

வார நாட்களில் படியேற முடிந்தவர்களுக்கும் கதவு திறக்காது. முன்பெல்லாம் கரைக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் உள்ளே போய் முழந்தாளிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது பூசை நேரம் தவிர எப்போதும் பூட்டுதான். கேட்டால் தரை அழுக்காகும், உண்டியல் திருடுபோகும். நற்கருணை வைத்திருக்கிற கோவில் தகுந்த காரணமின்றி நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கக் கூடாது, தினமும் சில மணி நேரமாவது மக்கள் வந்து செபிக்கத் திறந்திருக்க வேண்டும் என்று அதே திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 937ஆம் எண் சட்டம் சொல்கிறது. மணல் ஒட்டிய கால்கள் நடக்கிற ஊரில் முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் தரையைப் போட்டது யார் குற்றம்? மெழுகுவர்த்தி ஏற்றப் போன ஒரு பெண்ணைச் சீருடைக் காவலாளி "மெழுகு சிந்தும், வெளியே கெபியில் போய் ஏற்றுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர் வெளியூர்க்காரர், சொன்னதைச் செய்கிறார். சொன்னவர்கள் உள்ளூர்.

சரி, உள்ளே போய் உட்கார்ந்தால் பிரசங்கமாவது காதில் விழுகிறதா? பழைய கோவிலின் ஓட்டுக்கூரையும் மரச்சட்டமும் தரையில் விரித்த பாயும் ஓசையை உறிஞ்சிக்கொள்ளும். இங்கே தரை கல், சுவர் கல், சன்னல் கண்ணாடி, தலைக்கு மேலே ஆகாயம் அளவு உயரம். பூசை வைக்கிற சாமி "அன்பார்ந்த" என்று தொடங்கினால், அது சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பி வந்து, அடுத்த நான்கு சொற்களை விழுங்குகிறது. இதற்கு மருந்தாக இன்னும் பெரிய ஒலிபெருக்கிகள் வாங்கினார்கள். இரைச்சல் கூடியதே தவிர ஒரு சொல்லும் தெளியவில்லை. ஊர்ப் பாடகர் குழுவின் குரல் எடுபடவில்லை என்று, பெரிய திருவிழாக்களுக்கு வெளியிலிருந்து இசைக்குழு வருகிறது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம். மக்கள் முழுமையாகவும் உணர்வோடும் வழிபாட்டில் பங்கேற்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சொன்னது. கோவில் கட்டும்போது அதற்கு ஏற்றபடி கட்டச் சொன்னது. வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகைத் தேடச் சொன்னது. எங்கள் கட்டடக் குழு கிரானைட் கடைக்காரர் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறது.

இதையெல்லாம்கூட ஒருநாள் சரிசெய்துவிடலாம். கயிற்றை அவிழ்க்கலாம், பூட்டை உடைக்கலாம். வளாகத்தை என்ன செய்வது?

பழைய கோவிலுக்கு முன்னால் மணல்வெளி. இரண்டு பூவரசு, ஒரு பெரிய வேம்பு. ஞாயிறு பூசை முடிந்தால் ஊர் கலையாது, அங்கே நிற்கும். கல்யாண அறிவிப்பான ஓலை கோவிலில் மூன்றாம் முறை வாசித்த பெண்ணைச் சுற்றித் தோழிகள் நின்று கேலி செய்வார்கள். யாருக்கு எஞ்சின் பழுது, யார் வலை அறுந்தது, யார் மகனுக்குத் துபாய் விசா வந்தது, எல்லாம் அந்த மரத்தடியில்தான் தெரியும். வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் அங்கே சும்மா நிற்பதுபோல் நின்று, எந்த வீட்டில் அரிசி இல்லை என்று காதில் வாங்கிக்கொண்டு போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை யாராவது ஒரு பெரியம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து நேருக்கு நேர் நிறுத்துவார். மறைக்கல்விப் பிள்ளைகள் வேம்படியில் உட்கார்ந்து பத்துக் கட்டளை படித்தார்கள். இவற்றுக்கு எந்தக் கூட்டமும் கூட்டவில்லை, எந்தக் குறிப்பேட்டிலும் தீர்மானம் எழுதவில்லை. நிழல் இருந்தது, நின்றோம்.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு "வாகன நிறுத்தம்" என்று பெயர். மரங்கள் மூன்றையும் வெட்டி, சிமெண்டுக் கல் பாவி, வெள்ளைக்கோடு போட்டுவிட்டார்கள். பூசை முடிந்து நாலு பேர் நின்று பேசினால், கார்கள் வெளியேற வழி விடச்சொல்லி விசில். காலை ஒன்பது மணிக்கே அந்தக் கல் அடுப்புக்கல்லாகச் சுடுகிறது. யார் நிற்பார்கள்? ஆளுக்கொரு பக்கமாய் வீட்டுக்கு ஓடுகிறோம். போன மழைக்காலத்தில் எங்கள் அன்பியத்துக்கு அடுத்த தெருவில் ஒருவர் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். வீட்டம்மா பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு அங்கேயே இருந்திருக்கிறார். அவர் தேறி வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்குச் செய்தி தெரியும். மரத்தடி இருந்த காலத்தில் இது நடந்திருக்காது. ஞாயிறன்று அவர்களைக் காணோம் என்றால் பத்து மணிக்குள் யாராவது அந்த வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

நிழலுக்கு மாற்றாக மண்டபம் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். எங்கள் அன்பியத்தின் பாதுகாவலரான புனிதரின் திருநாளுக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டுமென்று கேட்கப் போனோம். வாடகைப் பட்டியலை எடுத்து நீட்டினார்கள். கீழே ஒரு குறிப்பு: பங்கு மக்களுக்குத் தள்ளுபடி உண்டு! நாங்கள் வரி கட்டி எழுப்பிய கூரைக்குக் கீழே நாங்கள் நிற்க எங்களுக்கே தள்ளுபடி. கடைசியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டித் திருநாளைக் கொண்டாடினோம்.

கணக்கு கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது மந்தமாகிவிடுகிறது. மண்டப வாடகை எங்கே போகிறது, கடன் எவ்வளவு மீதி, மரம் விற்ற பணம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் எண் சட்டத்தின் இரண்டாம் பகுதி. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது 537. எங்கள் பங்கிலும் நிதிக்குழு இருக்கிறது. அதில் யார் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கறுப்புக் கல்லில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படித்தாலே போதும்.

சாமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்தவர் வந்து இன்னொரு திட்டம் சொல்வார். கல்லில் பெயர் உள்ளவர்களும் கடனும் இங்கேயே இருப்பார்கள்.

இப்போது புதிய அறிவிப்பு வந்திருக்கிறது. சாலை முகப்பில் அலங்கார வளைவு கட்டப்போகிறார்களாம், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. எங்கள் அன்பியத்தில் வசூல் புத்தகம் என் கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறக்கப்போவதில்லை. சாய்தளத்தின் சாவி, கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை கைக்கு வரட்டும், கயிறு அவிழட்டும், வெட்டிய இடத்தில் மூன்று வேப்பங்கன்றாவது நட்டுத் தண்ணீர் ஊற்றட்டும், வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அதுவரை வளைவும் வேண்டாம், நெளிவும் வேண்டாம். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் வந்து வாங்கிக்கொள்ளட்டும், எங்கள் வீட்டுக்குப் படி ஒன்றே ஒன்றுதான்.