தராசில் போடாதீர்கள், அது வாட்ச்

காரைக்குடிப் பக்கம் பங்கு பிரிக்கும் வீடுகளில் ஐயாவின் கைக்கடிகாரத்துக்கு நேர்கிற கதியைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. அண்டா குண்டா, எனாமல் தூக்குச்சட்டி, தேக்குப் பெட்டி எல்லாம் பங்காளிகளுக்குள் பிரிந்துவிடும். ஒற்றை வாட்சை எப்படிப் பிரிப்பது? சரி, விற்றுக் காசைப் பிரித்துக்கொள்வோம் என்று நகைக்கடைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பின்மூடியைத் திறந்து, மெஷினை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மேல்கூடான தங்கக் கேஸை உரைத்துப் பார்த்துத் தராசில் போடுவார்கள். கிராமுக்கு இவ்வளவு என்று பணம் கைக்கு வந்துவிடும், கேஸ் உருக்கப் போய்விடும். அப்படி ஒரு மெஷின் காகிதத்தில் மடித்து வீட்டுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். டயலும் முள்ளும் அப்படியே இருந்தன. சாவி கொடுத்ததும் ஓட ஆரம்பித்தது. அதைப் பார்த்த அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை.

2016 நவம்பரில் ஜெனிவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், படேக் பிலிப் என்ற ஸ்விஸ் கம்பெனியின் 1518 வாட்ச் ஒன்று 1 கோடியே 10 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு விலைபோனது. 1941-இல் வந்த மாடல் அது. பெரும்பாலும் தங்கத்தில் செய்தார்கள். ஆனால் அந்த விலைக்குப் போனது ஸ்டீல். ஸ்டீலில் வெளியே தெரிந்தவை நாலே நாலுதான், அதற்குத்தான் அந்த விலை. எடைக்குப் போட்டிருந்தால் பழைய இரும்புக் கடை விலை வந்திருக்கும். நமக்கு இது புரியாத சமாசாரமும் இல்லை. நம் நகரத்தார் பிள்ளையார் நோன்பில் நடக்கும் ஏலத்தில் உப்பை எவ்வளவு பெரிய தொகைக்குக் கேட்டு எடுக்கிறோம்! கிலோ என்ன விலை என்று அங்கே யாராவது கேட்கிறோமா?

நம் வீடுகளில் கிடைக்க வாய்ப்புள்ளது டிரெஸ் வாட்ச் வகைதான். மெலிசாக, தோல் வாரோடு, சட்டைக் கைக்குள் அடங்கிவிடும். இந்த வகைக்கே இலக்கணம் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது படேக் பிலிப்பின் கலட்ராவா 96-ஐ. குறுக்களவு சுமார் 31 மில்லிமீட்டர்தான். இன்றைய பையன்கள் கட்டிப் பார்த்தால் பொம்பளை வாட்ச் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். அது வந்த 1932-இல்தான், படேக்குக்கு டயல் செய்து கொடுத்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் அந்தக் கம்பெனியையே வாங்கினார்கள்.

டயல்காரர்கள் கைக்குப் போன கம்பெனி என்பது டயலைப் பார்த்தாலே தெரியும். அந்தக் காலத்து நல்ல டயலில் பெயரை முதலில் செதுக்கி, பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சூளையில் சுட்டிருப்பார்கள். லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் எழுத்து லேசாக எழும்பி நிற்கும். மங்கிவிட்டதே என்று புது டயல் எழுதச் சொன்னால், கடைக்காரர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் தட்டையாக அச்சடித்துக் கொடுப்பார். பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் ஏலத்தில் அதன் மதிப்பு பெரும்பாலும் அங்கேயே போய்விடும். கேஸுக்குப் பாலிஷ் போடுவதும் அதே அநியாயம்தான். கூரான விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும். அந்தக் காலத்து ஸ்விஸ் 18 காரட் தங்கத்துக்கு அடையாளமான ஹெல்வேஷியா என்ற பெண்தலை முத்திரை ஒன்று உண்டு. கடுகளவுதான். இரண்டு பாலிஷில் தேய்ந்து காணாமல் போய்விடும்.

அப்புறம், காகிதம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்தில் காலணாச் செலவையும் எழுதி வைத்தவர்கள் நம் ஐயாக்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் எழுதிய பேரேடுகள் இன்று மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. வாட்ச் வாங்கிய ரசீது அதில் ஒரு பக்கத்தில் செருகியிருக்கலாம். ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது என்று காட்டும் ரசீதுக்கு, பழைய படத்துக்கு, ஏலத்தில் தனி மரியாதை. படேக்கிடம் மெஷின் எண்ணையும் கேஸ் எண்ணையும் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எப்போது செய்தது, எப்போது விற்றது என்று தங்கள் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். இரண்டு எண்ணும் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். கேஸை உருக்கிவிட்டு மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லார் வீட்டுப் பெட்டியிலும் படேக் இருக்காது. முக்கால்வாசி வெஸ்ட் எண்ட், ஃபாவ்ர் லூபா கம்பெனி வாட்சுகளாகத்தான் இருக்கும். சில ஆயிரங்களுக்கு மேல் பேராது. இருந்தாலும் என்ன வாட்ச் என்று தெரிந்துகொண்டு விற்பது வேறு, தெரியாமல் உருக்குவது வேறு. நல்ல வாட்ச் என்று தெரிந்து ஏலத்துக்கே அனுப்பினாலும் விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள். வாங்குபவரும் கேட்ட விலைக்கு மேல் சுமார் கால் பங்கு கட்ட வேண்டும். இதையெல்லாம் பங்காளிகள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிக்கிற வீட்டில் பழைய வாட்ச் இருந்தால் ரிப்பேர் தெரிந்தவரைக் கூப்பிட்டு உங்கள் கண்ணெதிரே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டயல், மூடியின் உட்புறம், மெஷின் எண் மூன்றையும் படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், என்னைவிட விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை பாலிஷ் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்.